பிள்ளைக்குப் பிள்ளை இடைவெளி: தாயின் உடலும் ஓர் அமானிதமே

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஓர் இளைஞர் வந்து ஸலாம் சொன்னார். கூட்டம் கலையும்வரை காத்திருந்துவிட்டு, "ஹஜ்ரத், தனியா ஒரு விஷயம் கேட்கணும்" என்றார்.

வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. அதற்கு மூத்ததற்கு இரண்டு வயது. இப்போது மனைவி மறுபடியும் உண்டாகியிருக்கிறார். ரத்தம் மிகவும் குறைவாக இருப்பதாக மருத்துவர் கண்டித்து அனுப்பியிருக்கிறார். இந்தப் பிரசவத்துக்குப் பிறகாவது சில ஆண்டுகள் இடைவெளி விட மார்க்கத்தில் வழி உண்டா என்பதுதான் அவருடைய கேள்வி. "அம்மாகிட்ட பேச்சை எடுத்தாலே ஹராம்ங்கிறாங்க. நீங்க சொன்னா கேட்பாங்க" என்றார்.

அவர் போன பிறகும் என்னால் எழுந்து போக முடியவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், மதரஸாவிலிருந்து பட்டம் பெற்று வந்த புதிதில், இதே கேள்வியை இன்னொருவர் என்னிடம் கேட்டிருந்தார். "ரிஜ்க் கொடுப்பவன் அல்லாஹ், கவலைப்படாதீர்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றரை ஆண்டுகளுக்குள் அந்தச் சகோதரிக்கு மூன்றாவது பிரசவம். கடுமையான ரத்தப்போக்கு. ரத்தம் கொடுக்க மஹல்லா இளைஞர்கள் இரவெல்லாம் ஓடினார்கள். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார். நான் சொன்னது உண்மைதான், ரிஜ்க் அல்லாஹ்விடமே இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது மனைவியின் உடலைப் பற்றி. நான் பதில் சொன்னது வருமானத்தைப் பற்றி.

அந்தப் பதிலைச் சரிசெய்யும் கடமை எனக்கு இருக்கிறது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

நம் வீடுகளில் நடப்பது என்ன?

திருச்சியில் பாலக்கரை, தென்னூர், உறையூர், காஜாமலை என்று எந்த மஹல்லாவை எடுத்துக்கொண்டாலும், இன்று எட்டு ஒன்பது பிள்ளைகள் உள்ள வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நம் நன்னிமார் காலம் போய்விட்டது. அகில இந்திய அளவில் ஒரு முஸ்லிம் பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1992-93 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 4.4 ஆக இருந்தது. 2019-21 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 2.4 ஆகிவிட்டது. தமிழ்நாட்டின் மொத்தச் சராசரி 1.8 தான். ஆகவே நம் ஊரில் பிரச்சினை எண்ணிக்கை அல்ல. பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவில் தாய்க்குக் கிடைக்கும் காலம்தான் பிரச்சினை.

அது ஏன் குறைகிறது? முதல் காரணம் சஃபர். திருச்சி விமான நிலையத்தில் துபை, ஷார்ஜா, சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் இறங்கும் நேரத்தில் போய் நின்றால் நம் சமுதாயத்தின் குடும்ப வாழ்க்கை கண்ணுக்குத் தெரியும். ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை வரும் கணவர், நாற்பது அறுபது நாள் விடுமுறை. அடுத்த விடுமுறை எப்போது என்று தெரியாது. அந்த நாட்களில் இடைவெளியைப் பற்றிப் பேச இருவருக்குமே மனம் வருவதில்லை. அவர் திரும்பிப் போன பிறகு மசக்கையும் மருத்துவமனையும் மனைவிக்கு, தொலைபேசி விசாரிப்பு கணவருக்கு என்று ஆகிவிடுகிறது.

இரண்டாவது காரணம், "பால் கொடுக்கிற வரைக்கும் கரு தங்காது" என்ற நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருக்கிறது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால், கரு தங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும் என்பதால், ஒரு மாதவிடாயைக்கூடப் பார்க்காமலேயே பல தாய்மார்கள் அடுத்த கருவைச் சுமக்கிறார்கள்.

மூன்றாவது, கேட்க ஆள் இல்லாதது. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி நகரத்துக்கு வேலைக்கு வரும் ஒரு செவிலியர் சகோதரி, பிற சமயத்தவர், என்னிடம் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது: "உங்க பொண்ணுங்க, எங்க ஹஜ்ரத்தைக் கேட்டுட்டு வர்றோம்னு சொல்லிட்டுப் போறாங்க. திரும்பி வர்றப்ப மாசமா வர்றாங்க." மார்க்கத்தை மதித்துத்தான் அந்தப் பெண்கள் தயங்குகிறார்கள். நாம்தான் பதில் சொல்லவில்லை.

இதன் விளைவைத் தாயின் ரத்தம் தாங்குகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 கணக்கெடுப்பு சொல்கிறது. ஒரு கர்ப்பகாலம் முழுவதற்கும் ஏறக்குறைய ஒரு கிராம் இரும்புச்சத்து தேவைப்படுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் அடுத்த கரு வந்தால், ரத்தசோகையோடு பிரசவ அறைக்குப் போக வேண்டியதாகிறது. சாதாரணப் பெண் தாங்கும் ரத்தப்போக்கை அவளால் தாங்க முடியாது. பிள்ளை எடை குறைந்து பிறப்பதும், மாதம் நிறையாமல் பிறப்பதும் அதிகமாகிறது. முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தால், தழும்பு ஆறுவதற்குள் அடுத்த கரு வருவது இன்னும் ஆபத்து. தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் 45 சிசேரியன் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

குர்ஆன் குறிப்பிடும் இரண்டு ஆண்டுகள்

பால்குடியை நிறைவு செய்ய விரும்புவோருக்காகத் தாய்மார்கள் முழுமையாக இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவார்கள் என்று அல்லாஹ் கூறுகிறான் (அல்குர்ஆன் 2:233). பலவீனத்தின் மேல் பலவீனமாகத் தாய் சுமந்ததையும், இரண்டு ஆண்டுகளில் பால் மறக்கடிப்பதையும் இன்னோர் இடத்தில் நினைவூட்டுகிறான் (31:14). சுமப்பதும் பால் மறக்கடிப்பதும் சேர்த்து முப்பது மாதங்கள் என்கிறான் (46:15).

2:233 வசனத்தில் பலர் இரண்டாண்டுக் கணக்கோடு நின்றுவிடுகிறோம். அதன் தொடர்ச்சியையும் பார்க்க வேண்டும். எந்த ஆத்மாவும் அதன் சக்திக்கு மேல் சிரமப்படுத்தப்படாது என்றும், பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்கும் தீங்கு இழைக்கப்படக் கூடாது, தந்தைக்கும் கூடாது என்றும் அதே வசனம் சொல்கிறது. இருவரும் மனம் ஒப்பி, கலந்தாலோசித்து முன்கூட்டியே பால் மறக்கடிக்க விரும்பினால் குற்றமில்லை என்றும் சொல்கிறது. பாலை நிறுத்துவதற்கே இருவரின் சம்மதமும் ஆலோசனையும் வேண்டும் என்று அல்லாஹ் கற்றுத்தருகிறான் என்றால், அந்தப் பாலை வற்றச் செய்யக்கூடிய அடுத்த கர்ப்பத்தைப் பற்றிக் கணவனும் மனைவியும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும், பாதிப்பு வரும் என்ற அச்சம் இருந்தால், ரமளான் நோன்பைத் தள்ளி வைக்க ஷரீஅத் சலுகை தந்திருக்கிறது. இஸ்லாத்தின் தூண்களில் ஒன்றையே அவள் உடலுக்காகத் தள்ளி வைக்க இடம் தந்த மார்க்கம் இது.

உலக சுகாதார நிறுவனம் 2005-இல் கூட்டிய வல்லுநர் குழு, ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்கு முயல்வதற்குமுன் குறைந்தது 24 மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கரு கலைந்திருந்தால் குறைந்தது ஆறு மாதங்கள். குர்ஆன் மருத்துவ நூல் அல்ல; அதை மெய்ப்பிக்க எந்தக் குழுவும் தேவையில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் என்ற அளவைக் கேட்டதும் "இது வெள்ளைக்காரன் திட்டம்" என்று சொல்லும் நம் பெரியவர்கள், அந்த அளவை முதலில் எங்கே ஓதினோம் என்று யோசிக்க வேண்டும்.

நபித்தோழர்கள் செய்தது

கருத்தரிப்பைத் தவிர்க்க அந்தக் காலத்தில் இருந்த முறை 'அஸ்ல்', அதாவது விந்தை வெளியே விடுவது. குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே நாங்கள் அஸ்ல் செய்துவந்தோம் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நபி (ஸல்) அவர்களுக்கு அந்தச் செய்தி எட்டியும் தடுக்கவில்லை என்பது முஸ்லிமின் இன்னோர் அறிவிப்பில் இருக்கிறது.

இதற்கு எதிராக ஜுதாமா பின்த் வஹப் (ரலி) அவர்களின் ஹதீஸைக் காட்டுவார்கள். அதில் அஸ்ல் மறைமுகமாகப் பிள்ளையைப் புதைப்பதற்கு ஒப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்றவர்கள் அதைக் கொண்டு தடை என்றார்கள். பெரும்பாலான இமாம்கள் இரண்டு வகை ஹதீஸ்களையும் சேர்த்துப் பார்த்து, ஹராம் அல்ல, தேவையின்றிச் செய்வது விரும்பத்தக்கதல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அதே ஜுதாமா (ரலி) அவர்களின் ஹதீஸின் முன்பகுதியை நாம் பெரும்பாலும் பயானில் சொல்வதில்லை. பாலூட்டும் மனைவியோடு உறவு கொள்வதால் குழந்தைக்குக் கேடு வரும் என்று அரபுகள் அஞ்சினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடை செய்ய எண்ணினார்கள். பிறகு ரோமர்களும் பாரசீகர்களும் அவ்வாறு செய்தும் அவர்களின் பிள்ளைகளுக்குத் தீங்கு நேரவில்லை என்பதைக் கவனித்துத் தடையைக் கைவிட்டார்கள். பால்குடிக் குழந்தையின் நலன் பற்றிய கேள்வியில், மற்றச் சமூகங்களின் அனுபவத்தைப் பார்த்து முடிவெடுத்தார்கள் நம் தலைவர். மருத்துவரின் பேச்சைக் கேட்பது ஈமானுக்குக் குறை என்று எண்ணுபவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில், எந்த எண்ணத்தோடு அஸ்ல் செய்யலாம், எதனோடு கூடாது என்று பிரித்து எழுதுகிறார்கள். பிரசவ ஆபத்திலிருந்து மனைவியைக் காப்பது, பிள்ளைகள் பெருகி மிகுந்த சிரமத்தில் விழாமல் இருப்பது போன்றவை தடுக்கப்படாத எண்ணங்கள். பெண் பிள்ளை பிறந்துவிடுமோ என்ற பயத்தில் செய்வது கெட்ட எண்ணம். இன்றும் மருமகளிடம் "ஒரு ஆம்பளப் பிள்ளை வர்ற வரைக்கும்" என்று சொல்லும் வீடுகள், இடைவெளி இல்லாமல் பெறச் சொல்வதும் அதே நோயிலிருந்து வருகிறது என்பதை உணர வேண்டும்.

இடைவெளி வேறு, நிறுத்தம் வேறு, கலைப்பு வேறு

இந்த மூன்றையும் ஒரே 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற சொல்லில் போட்டுக் குழப்பியதுதான் நம் பெரிய தவறு.

ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி இதற்குத் தெளிவான தீர்மானம் தந்தது. பிள்ளை பெறும் உரிமையைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தக் கூடாது. மார்க்கம் ஏற்கும் அவசியம் இல்லாமல் கருவளத்தை நிரந்தரமாக அழிக்கக் கூடாது. மார்க்கம் ஏற்கும் தேவைக்காக, இருவரும் கலந்து பேசிச் சம்மதித்து, தற்காலிகமாக இடைவெளி விடலாம். ஆனால் அந்த முறை தீங்கு இல்லாததாகவும் ஆகுமானதாகவும் இருக்க வேண்டும். ஏற்கெனவே தங்கிய கருவைத் தாக்கக் கூடாது.

நம் ஊரில் நடப்பதோ இதற்குத் தலைகீழ். இடைவெளிக்கான தற்காலிக வழியை ஹராம் என்று அஞ்சி ஒதுக்கிவிட்டு, இரண்டு மூன்று பிள்ளைகளை அடுத்தடுத்துப் பெற்ற களைப்பில், இருபத்தைந்து வயதிலேயே 'ஆபரேஷன்' செய்துகொள்கிறார்கள். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். நம் பெண்களும் அதில் இருக்கிறார்கள். மார்க்கம் எளிதாக அனுமதித்ததை விட்டுவிட்டு, அவசியமின்றிச் செய்யக் கூடாது என்றதில் போய் விழுகிறோம். பல சிசேரியன்களுக்குப் பிறகு, இன்னொரு கர்ப்பம் உயிருக்கு ஆபத்து என்று நம்பத்தகுந்த மருத்துவர் சொன்னால் அது அவசியம். அப்போது சட்டம் வேறு.

வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற வசனங்கள் (6:151, 17:31) பிறந்த உயிரைக் கொல்வதைப் பற்றியவை. கரு உருவாகும் முன்பே தவிர்ப்பதை அதோடு சேர்ப்பது பொருந்தாது என்பதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே விளக்கியிருக்கிறார்கள்.

பயம் எங்கிருந்து வந்தது?

நம் பெரியவர்களின் சந்தேகத்தை அறியாமை என்று தள்ளிவிடவும் முடியாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஓராண்டில் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. டெல்லி துர்க்மான் கேட்டில் 1976 ஏப்ரலில் நடந்த துப்பாக்கிச் சூடும், அதே ஆண்டு நவம்பரில் ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தைப் போலீஸ் சூழ்ந்து ஆண்களை அறுவைக்குக் கொண்டு சென்றதும் முஸ்லிம்களின் நினைவில் ஆழப் பதிந்தன. 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற சொல்லே ஓர் அச்சுறுத்தலாகிவிட்டது.

இதே அனுபவம் ஆப்பிரிக்காவிலும் நம் சகோதரர்களுக்கு உண்டு. நைஜீரியாவின் வடபகுதியில் ஹவுஸா மொழி பேசும் மக்கள் பெரும்பாலும் மாலிகி மத்ஹபைப் பின்பற்றும் முஸ்லிம்கள். 1996-இல் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஒரு வெளிநாட்டு மருந்து நிறுவனம் குழந்தைகளிடம் புதிய மருந்தைச் சோதித்தது. அந்தக் காயத்தின் வடு ஆறாமல், 2003-இல் போலியோ சொட்டு மருந்தையே அங்கு நிறுத்தி வைத்தார்கள். அங்கே 'கய்யாதே இயாலி', அதாவது குடும்பத்தை வரையறுத்தல், என்று சொன்னால் மக்கள் முகம் திருப்புகிறார்கள். 'தஸரர் ஹைஹுவா', பிறப்புகளுக்கு இடையே இடைவெளி, என்று சொன்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள். பால்குடிக் குழந்தை இருக்கும்போதே தாய் கர்ப்பமாவதை அவர்களின் பழைய வழக்கமே குறையாகப் பார்த்தது. ஆலிம்கள் அந்தச் சொல்லையும் 2:233 வசனத்தையும் சேர்த்துப் பேசும் இடங்களில் கதவு திறக்கிறது.

அவர்கள் நிலைமை நம்மைவிடக் கடினம். 2018 கணக்கெடுப்பில் வடமேற்கு நைஜீரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 6.6 பிள்ளைகள். 2020-இல் உலகம் முழுவதும் பேறுகாலத்தில் இறந்த தாய்மார்களில் நான்கில் ஒருவருக்கு மேல் நைஜீரியாவைச் சேர்ந்தவர்கள். நமக்கு மருத்துவமனை நடக்கும் தூரத்தில் இருக்கிறது. நமக்கும் மருத்துவமனைக்கும் இடையே நிற்பது ஒரு தவறான ஃபத்வா மட்டுமே என்றால், அதற்கு நாளை நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வழிகளும் மஸ்அலாக்களும்

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் தற்காலிக வழிகள் சில. ஆணுறை. காப்பர்-டி: பிரசவமான 48 மணி நேரத்துக்குள், அல்லது ஆறு வாரத்துக்குப் பின் வைக்கலாம், வேண்டும்போது எடுத்துவிடலாம். அந்தரா ஊசி: மூன்று மாதத்துக்கு ஒன்று, நிறுத்திய பின் கரு தங்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். சாயா மாத்திரை: ஹார்மோன் இல்லாதது, லக்னோவில் உள்ள மத்திய அரசு ஆய்வகத்தில் உருவானது, முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. சாதாரண ஹார்மோன் மாத்திரைகளில் சில, பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதத்தில் ஏற்றதல்ல. ஆகவே கடையில் கேட்டு வாங்காமல் மருத்துவரைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பெண் மருத்துவர் அல்லது செவிலியரிடம் செய்துகொள்வதே முறை.

ஊசியாலும் காப்பர்-டியாலும் சிலருக்கு ரத்தப்போக்கு முறை மாறும். "தொழலாமா கூடாதா" என்ற குழப்பத்திலேயே பல சகோதரிகள் அதை நிறுத்திவிடுகிறார்கள். சட்டம் இதுதான்: ஹனஃபி மத்ஹபில் மாதவிடாய் அதிகபட்சம் 10 நாட்கள், ஷாஃபிஈயில் 15 நாட்கள். அதற்கு மேல் வருவது 'இஸ்திஹாளா' என்னும் நோய் ரத்தம். குளித்து, ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் உளூச் செய்து தொழ வேண்டும். நோன்பும் வைக்க வேண்டும். எல்லைக்குள் விட்டுவிட்டு வரும் ரத்தத்துக்குத் தனி விவரம் உண்டு. நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு ஆலிமாவிடம் கேளுங்கள்.

யார் முடிவு செய்வது?

ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் மனைவியின் அனுமதி இல்லாமல் அஸ்ல் செய்யக் கூடாது. பிள்ளை அவளுக்கும் உரிமை என்பதே காரணம். அதே நீதி மறுபக்கமும் பொருந்தும். அவள் உடல் தாங்காது என்று தெரிந்தும் இடைவெளிக்குக் கணவன் மறுப்பது, தீங்கு செய்வதும் கூடாது பதிலுக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற நபிமொழிக்கு மாறானது என்பதே என் கருத்து. மாமியாருக்கு மரியாதை உண்டு, துஆ செய்யும் உரிமை உண்டு. இந்த முடிவில் வாக்கு இல்லை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பால் மறந்த குழந்தைகளுக்கு மட்டும் உதவித்தொகை இருந்தது. ஓர் இரவு, அந்தத் தொகைக்காக ஒரு தாய் அவசரமாகப் பால் மறக்கடிக்கும் குழந்தையின் அழுகையைக் கேட்டார்கள். தம் சட்டத்தால் எத்தனை குழந்தைகள் வாடினவோ என்று வருந்தி, பிறந்த நாளிலிருந்தே உதவித்தொகை என்று மாற்றினார்கள். தம் சொல் ஒரு தாயையும் குழந்தையையும் வருத்துகிறது என்று தெரிந்தால், அதைத் திருத்திக்கொள்ள அமீருல் முஃமினீனே தயங்கவில்லை.

ஒவ்வொரு மஹல்லாவும் இரண்டு காரியம் செய்யலாம். நிகாஹ் பதிவுக்கு வரும் மணமக்களுக்கு இந்த மஸ்அலாவை அரைமணி நேரம் சொல்லிக்கொடுப்பது. மாதம் ஒருமுறை பெண்கள் பயானில் ஒரு பெண் மருத்துவரை உட்கார வைப்பது. விடுமுறைக்கு ஊர் வரும் சகோதரர்கள், விமானம் ஏறும் முன்பே மனைவியிடம் இதைப் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

அந்த இளைஞரின் வீட்டுக்கு நான் மறுநாள் போனேன். அவருடைய அம்மா திரைக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டார்கள். கடைசியில், "எனக்கு அஞ்சு பிள்ளை ஹஜ்ரத். நடுவுல ரெண்டு மவுத்தாப் போச்சு. அப்ப யாரும் இப்படிச் சொல்லலையே" என்றார்கள். என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களின் உடல்நலனைப் பாதுகாத்து, நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, நாம் அறியாமல் சொன்ன பதில்களை மன்னிப்பானாக! ஆமீன்.